பழைய கை ப்ளோயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் சுற்றிப் பாருங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஏதாவது எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பைக் காலி செய்தால், பழைய இரும்போடு இரும்பாக கொல்லன் உலைக்குக் காற்று ஊதக் கைப்பிடியால் சுற்றும் விசிறிப் பெட்டியான கை ப்ளோயர் ஒன்றும் வெளியே வந்துவிடும். முன்பெல்லாம் அது எடைக்குப் போகும். இப்போது கறுப்பு பெயின்ட் அடித்து, கைப்பிடிக்கு வார்னிஷ் பூசி, ‘வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்’ என்று ரிசார்ட்டுக்காரர்களிடம் சொல்லும் விலையையே பட்டறைக்காரனிடமும் சொல்கிறார்கள். கத்தி அடிக்கப் பழகும் தம்பிகள் போட்டோ அனுப்பி ‘அண்ணா, வாங்கலாமா?’ என்று கேட்கிறார்கள். போட்டோவைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது தம்பி. நாள் முழுக்க அதைச் சுற்றப்போவது உங்கள் இடது கை, அந்தக் கையைக் கேளுங்கள்.

கரன்ட் ப்ளோயர் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த மலையில் கரன்ட் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். கரன்ட் ப்ளோயர், நீங்கள் இரும்பை எடுத்து அடித்துக்கொண்டிருக்கும்போதும் ஊதிக்கொண்டே இருக்கும், கரி வீணாக எரியும். கையால் சுற்றினால், கை நின்றதும் காற்றும் நின்றுவிடும். இன்னொன்று, கவாத்துக் கத்திக்கு நாம் எடுப்பது பெரும்பாலும் லாரி ஸ்பிரிங் பட்டை. அதைக் கொஞ்சம் கவனிக்காமல் விட்டால் மத்தாப்பு மாதிரி பொறி கக்க ஆரம்பிக்கும், பொறி வந்த இடம் எரிந்துபோன இரும்பு, வெட்டித்தான் எறிய வேண்டும். காற்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு அந்த நஷ்டம் குறைவு. இந்த மலையில் இரும்பு வேலை ப்ளோயரோடு வந்ததும் இல்லை. இங்கத்துப் பழங்குடிகளான கோத்தர்கள் துருத்தியை வைத்தே படகர்களுக்கும் தோடர்களுக்கும் இரும்புச் சாமான் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆனால் துருத்திக்குப் பெரும்பாலும் இன்னொரு ஆள் வேண்டும். தனியாளாகப் பட்டறை நடத்துகிறவனுக்குத்தான் ப்ளோயர் பெரிய உதவி.

பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். பர்மிங்ஹாம் ஆல்டேஸ் அண்ட் ஆனியன்ஸ், அமெரிக்காவின் சாம்பியன், பஃபலோ எல்லாம் நல்ல கம்பெனிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே கியர்ப் பல் தேய்ந்த சாம்பியனைவிடப் பல் நன்றாக இருக்கிற பெயரில்லாத ப்ளோயரே மேல்.

சரி, கடையில் என்ன செய்ய வேண்டும்? கைப்பிடியை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்சம் வேகம் பிடித்ததும் கையை விட்டுவிடுங்கள். நல்ல ப்ளோயர் கை விட்ட பிறகும் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். சட்டென்று நின்றால் உள்ளே கிரீஸ் இறுகியிருக்கலாம், அது மண்ணெண்ணெயில் சரியாகிவிடும். ‘கட கட’ என்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் பல் உடைந்திருக்கலாம், அதை எந்த எண்ணெயும் சரி செய்யாது. கைப்பிடியை முன்னும் பின்னும் லேசாக ஆட்டுங்கள். விசிறி அசையாமல் கைப்பிடி மட்டும் எவ்வளவு தூரம் சும்மா போய்வருகிறதோ, பல்லில் அவ்வளவு தேய்மானம். கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. காற்று உள்ளே போகும் துளை வழியாக விசிறியின் ஒரு இதழில் சாக்பீஸால் கோடு போட்டு, கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றி, விசிறி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 40-ஐ ஒட்டி வந்தால் நல்லது.

அப்புறம் ஒரு சோதனை, பலரும் செய்வதில்லை. ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே, காற்று வெளியே வரும் வாயை இன்னொரு கையால் முழுக்க அடையுங்கள். கைப்பிடி இறுகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு: லேசாகிவிடும், விசிறிச் சத்தமும் உயரும். காற்றைத் தள்ளும் வேலை குறைந்துவிட்டதே காரணம். அடைத்த பிறகும் அதே கனம் கையில் இருந்தால், நீங்கள் இதுவரை சுமந்தது காற்றை அல்ல, உள்ளே உரசும் பல்லையும் பேரிங்கையும். திருப்பிச் சுற்றினால் காற்றை உறிஞ்சும் என்று சிலர் பயமுறுத்துவதும் சரியில்லை. இந்த மாதிரி விசிறி எந்தப் பக்கம் சுற்றினாலும் வெளியேதான் தள்ளும், இதழ் வளைந்திருந்தால் ஒரு பக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கியர் பெட்டியின் மூடியைத் திறக்க விட்டால் கட்டாயம் திறங்கள். அடியில் இருக்கும் எண்ணெயை விரலில் தொட்டு வெயிலில் பாருங்கள், தங்கத்தூள் மாதிரி மின்னினால் வெண்கலச் சக்கரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. சாம்பியன் 400 போன்ற மாடல்களில் முதலில் போவது அந்தச் சக்கரம்தான், அதற்கு உதிரி கிடைப்பதும் கஷ்டம், லேத்தில் கொடுத்துச் செய்தால் ப்ளோயர் விலையே ஆகிவிடலாம். விசிறி ஷாஃப்ட் ஆடுவது அவ்வளவு பெரிய விஷயமில்லை. பல மாடல்களில் உள்ளே சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போலக் கோனும் குண்டும்தான், குண்டை மாற்றிக் கோனை இறுக்கினால் போதும். வார்ப்பிரும்பு உடம்பில் விரிசல் இருக்கிறதா என்று பெயின்டுக்கு மேலேயே நகத்தால் தடவிப் பாருங்கள். கால் உடைந்திருந்தால் பித்தளை வைத்து ஒட்டிவிடலாம், பேரிங் உட்காரும் இடத்தில் உடைந்திருந்தால் விட்டுவிடுங்கள். போல்ட் தொலைந்திருந்தால் மில்லிமீட்டர் போல்ட்டை அடித்து ஏற்றாதீர்கள். இங்கிலாந்துச் சாமானில் இருப்பது விட்வொர்த் என்னும் அங்குலக் கணக்கு மரை, பழைய மரை போனால் போனதுதான்.

மலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் மேட்டுப்பாளையத்தில் சுற்றிப் பார்த்து ‘பிரமாதம்’ என்று வாங்கியது மேலே வந்ததும் ஒரு படி மந்தமாகத் தெரியும், அதே சூட்டுக்குக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கீழே வாங்குகிறவர்கள் கொஞ்சம் பெரிய விசிறியாகப் பாருங்கள். கெட்டியான கியர் ஆயிலும் கிரீஸும் இங்கே வேண்டாம், மார்கழிக் காலையில் கைப்பிடி நகராது. மெல்லிய மெஷின் ஆயில் போதும். அது கீழே சொட்டும், பழைய டிசைனில் சீல் கிடையாது, சொட்டுவது கோளாறு இல்லை. ஒரு டப்பா வையுங்கள்.

வாங்கி மாட்டிய பிறகு நிலக்கரி போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. சுற்றுவதை நிறுத்தியதும் உலையின் வாயு குழாய் வழியே பின்னால் வந்து தேங்கலாம், மறுபடி சுற்றும்போது ‘டப்’ என்று வெடித்து விசிறி மூடியையே பிளந்துவிடும். நிறுத்தும்போது அடிச் சாம்பல் மூடியைத் திறந்து வையுங்கள், அல்லது அவ்வப்போது ஒரு அரைச் சுற்றாவது கொடுங்கள். மரக்கரியோ நிலக்கரியோ, குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உலை மூட்டவே மூட்டாதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் சாமானை அப்படியே போட்டுவிட்டு வெளியே வாருங்கள். புகைபோக்கி கட்டாத பட்டறைக்கு ப்ளோயர் வாங்க வந்தவர்களிடம், அந்தக் காசில் முதலில் புகைபோக்கியைக் கட்டச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.