இழுவை இல்லை என்று வந்த பத்மினி

"அண்ணா, இவ்வளவு செலவு பண்ணியும் வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க."

போன கோடையில் ஒரு தம்பி, தாத்தா வாங்கிய 1981 மாடல் பிரீமியர் பத்மினியை கோவை கவுண்டம்பாளையத்தில் இருக்கும் என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். வண்டி பத்துப் பன்னிரண்டு வருடம் தோட்டத்துக் கொட்டகையில் தேங்காய் மட்டைகளுக்கு நடுவே கிடந்ததாம். இப்போது டிங்கரிங் முடிந்து, பெயின்ட் பளபளவென்று இருந்தது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கட்டியாகிவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர், காயில், பிளக் எல்லாம் புதுசு. வண்டி சூடாகிறது என்று ரேடியேட்டருக்குப் புதுக் கோர் வேறு. ஆனால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடியதும் மாட்டு வண்டியாகிவிடும் என்றார்.

பானட்டைத் தூக்கினேன். பத்மினிக்குக் கம்பெனி கொடுத்தது 1089 சிசி ஃபியட் எஞ்சின். இதில் உட்கார்ந்திருந்தது அதே பிரீமியர் கம்பெனியின் 118 என்இ காரில் வந்த 1171 சிசி நிசான் ஏ12. ஸ்டியரிங்கை ஒட்டி இருக்க வேண்டிய கியர் தரைக்கு இறங்கியிருந்தது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர். முன்சக்கரம் இரண்டிலும் டிரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக். யார் செய்தது, எப்போது செய்தது, ஏன் செய்தது என்று கேட்டால், "தாத்தா காலத்துலயே ஒருத்தர் பண்ணினாருங்க, அப்புறம் மாமா கொஞ்சம் மாத்தினாரு" என்பதுதான் பதில்.

மாற்றிக் கட்டிய வண்டியில் கோளாறு தேடுவது தனி வேலை. கம்பெனி மேனுவல் பாதி இடத்தில் பொய் சொல்லும். பார்ட்ஸ் கடையில் "என்ன வண்டி?" என்று கேட்டால் எஞ்சினுக்கு ஒரு பதில், பிரேக்குக்கு ஒரு பதில், கியர்பாக்ஸுக்கு இன்னொரு பதில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், இப்படிப்பட்ட வண்டிகளில் பழைய பாகமோ புதிய பாகமோ தனியாகக் கெட்டுப்போவது குறைவு. ஒருவர் செய்த மாற்றமும் அடுத்தவர் செய்த மாற்றமும் சந்திக்கிற இடத்தில்தான் கோளாறு உட்கார்ந்திருக்கும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, கம்பெனி பாகம் எது, மாற்றிய பாகம் எது என்று சக்கரம் சக்கரமாக எழுதிவிடுவேன். அரை நாள் போகும். பெரும்பாலும் அந்த அரை நாளுக்கு யாரும் காசு தருவதில்லை, அது வேறு கதை.

சரி, ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று தம்பியை ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் மூன்று கிலோமீட்டர் வண்டி நன்றாகவே போனது. துடியலூர் நெருங்கும்போது டாப் கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவது கேட்டது. டெம்பரேச்சர் முள்ளும் மெல்ல ஏறியது. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு கிளைச் சாலையில் திருப்பச் சொன்னேன். எஞ்சின் ஓடட்டும், 30-ல் போகும்போது நியூட்ரலில் போடு, பிரேக்கைத் தொடாதே என்றேன். நல்ல வண்டி அப்படியே உருண்டுகொண்டு போகும். இது நாலைந்து வண்டி நீளத்துக்குள் கால் வைத்த மாதிரி நின்றுவிட்டது. இறங்கிப் போய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து இடது முன்சக்கர டிஸ்க்கில் நாலு சொட்டுத் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது. வலது பக்கமும் அதேதான்.

எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. பாவம், அது பிரேக் பிடித்த வண்டியை இழுத்துக்கொண்டிருந்தது. அதனால்தான் சூடும் ஏறியது.

பிரேக் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்தவுடன், பேட்களால் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரை மாற்றுவதுதான் வழக்கம். அவசரப்பட வேண்டாம். எங்கே பிடிக்கிறது என்று பிரேக்கே சொல்லும், வண்டி சூடாக இருக்கும்போதே கேட்டால். பட்டறைக்கு வந்த கையோடு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றினால் அசையவில்லை. முதலில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து கிளம்பும் பைப்பின் யூனியன் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். பிரேக் ஆயில் பீச்சிக்கொண்டு வந்தது, இரண்டு சக்கரமும் உடனே விட்டன. ஆக, அழுத்தம் மாஸ்டர் சிலிண்டரிலேயே திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. இங்கே தளர்த்தியும் சக்கரம் விடாமல், காலிப்பரில் காற்று எடுக்கத் திறக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்தால்தான் விடுகிறது என்றால் சந்தேகம் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸ் மீது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் அப்போதுதான் காலிப்பர் பிஸ்டன், பின், பேட் என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பேனர் போதும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆயில் சூடாக இருக்கும். பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டையும் தின்றுவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்தபோது இரண்டு தலைமுறைக் கதையும் வெளியே வந்தது. டிஸ்க் போட்டவர் பழைய டிரம் பிரேக் மாஸ்டரை அப்படியே விட்டிருக்கிறார். அந்தக் காலத்து டிரம் மாஸ்டர்கள் பலவற்றின் வாயில் ஒரு சின்ன வால்வு உண்டு. பெடலை விட்ட பிறகும் லைனில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். டிரம்மில் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது, அந்த அழுத்தத்தால் பாதகமில்லை. டிஸ்க்கில் பேடைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. 10 பிஎஸ்ஐ என்றால் பேட் எப்போதும் டிஸ்க்கை லேசாக உரசிக்கொண்டே இருக்கும்.

அதோடு போயிருந்தால் பேட் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். ஆனால் காலிப்பர் பிஸ்டன் பெரிது, அதற்கு ஆயிலும் அதிகம் வேண்டும். சின்ன மாஸ்டர் அதைத் தள்ளுவதற்குள் பெடல் பாதி தூரம் இறங்கிவிடும். "பெடல் கீழே போகுது" என்று யாரோ குறை சொல்லியிருக்கிறார்கள். அடுத்து வந்தவர், பெடலில் இருந்து மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடை நீட்டி பெடலை மேலே கொண்டுவந்திருக்கிறார். காலுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அதுதான் பெடலில் ஐந்தாறு மில்லிமீட்டர் ஃப்ரீ ப்ளேயாகத் தெரிவது. அது இல்லாததால் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வரவில்லை. ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் பொடி ஓட்டை மூடியபடியே இருந்தது. பேட் உரசிச் சூடு, சூட்டில் ஆயில் விரிவு, விரிந்த ஆயில் திரும்ப வழியில்லை, பேட் இன்னும் இறுக்கம். ஆறினால் எல்லாம் சரியாகிவிடும். காலையில் எந்த மெக்கானிக் பார்த்தாலும் வண்டி நன்றாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

புஷ்ராடைக் குறைத்தாலே பிடிப்பு போய்விடும், ஆனால் பழையபடி பெடல் இறங்கும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் உள்ள வண்டிக்கான டேண்டம் மாஸ்டர் ஒன்றைத் தேடி, ஆவாரம்பாளையத்து லேத்தில் பிராக்கெட் செய்து மாட்டினோம். முன் லைனும் பின் லைனும் தனித்தனி ஆனதால், ஒன்று கசிந்தாலும் இன்னொன்று பிடிக்கும். மொத்தச் செலவு, அவர் ஏற்கெனவே ரேடியேட்டருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. அதைச் சொன்னபோது தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கஷ்டமாகிவிட்டது.

பெயின்ட் அடித்து வரும் வண்டிகளில் இன்னொரு கூத்து உண்டு, இதிலும் இருந்தது. செல்ஃப் சோர்வாகச் சுற்றும்போது, கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளில் இருந்து மெல்லிய புகை வந்தது. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் பட்டை, புதுப் பெயின்ட்டின் மேல் போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தது. பெயின்ட் கரண்ட்டை விடாது. செல்ஃபுக்குத் தேவையான அத்தனை ஆம்பியரும் வேறு வழி தேடி சோக் கேபிள் வழியாக ஓடியிருக்கிறது. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. இதில் மூன்றைத் தாண்டியது. பெயின்ட்டைச் சுரண்டிப் புதுப் பட்டை போட்டதும் செல்ஃப் துள்ளியது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் வாங்கத் தம்பி பட்டியல் போட்டு வைத்திருந்தார், அதைக் கிழித்தாயிற்று.

பெட்ரோல் பக்கம் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. பழைய ரப்பர் ஹோஸும் பம்புக்குள் இருக்கும் சவ்வான டயாஃப்ரமும் அதில் ஊறி வீங்கும், விரிசல் விடும். எஞ்சின் மேல் உட்காரும் மெக்கானிக்கல் பம்பில் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேராக எஞ்சின் ஆயிலில் இறங்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து பெட்ரோல் வாசமும் அடித்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. இந்த வண்டியில் அந்த வாசம் இல்லை. ஆனாலும் எத்தனால் தாங்கும் ஹோஸாகப் பார்த்து மாற்றிவிட்டோம்.

தம்பிக்கு இதை வின்டேஜ் வண்டியாகப் பதிய ஆசை. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவில் இருந்து 50 வருடம் ஆகியிருக்க வேண்டும், எஞ்சினும் சேசிஸும் மாறியிருக்கக் கூடாது. 1981 மாடலுக்கு 50 வருடமும் ஆகவில்லை, எஞ்சினும் மாறிவிட்டது, இரண்டிலுமே இது அடிபட்டுவிட்டது. அது போகட்டும், இருக்கிற ஆர்சியில் இந்த நிசான் எஞ்சின் நம்பர் ஏறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. டிங்கரிங்குக்கு முன்னால் பார்த்திருக்க வேண்டிய தாள் அது.

எல்லாம் மாட்டி மறுபடி துடியலூர் வரை போனோம். அதே கிளைச் சாலையில் நியூட்ரலில் போட்டால் வண்டி நிற்க மறுத்தது. டிஸ்க்கில் தண்ணீர் தெளித்தேன், வழிந்து ஓடியது. ஆனால் இழுவை வந்ததும் 60-ஐத் தாண்ட முடிந்தது, தாண்டியதும் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு தெரிந்தது. கியர்பாக்ஸ் மாற்றியபோது, அதில் இருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டி வெல்டு வைத்திருக்கிறார்கள். இரண்டு முனையிலும் இருக்கும் கவை மாதிரியான யோக்குகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, கண்ணாலேயே தெரிகிறது. ஷாஃப்ட் இப்போது லேத்தில் கிடக்கிறது. தம்பி நேற்றும் போன் செய்தார். "வெள்ளிக்கிழமை பார்க்கலாமுங்க" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.