கேஸ் கலந்த டிரிப்ஸுக்கு நகையை அடகு வைக்கும் முன்

கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார். முப்பது வருடம் கொழுந்து பறித்த கைகள். "கிள்ளும்போது ஒண்ணும் தெரியல டாக்டர். பஸ்ஸுக்கு நிக்கும்போதுதான் விரல் தானா உருளுது" என்றார். பார்கின்சன் என்ற மூளை நரம்பு நோயிலும் அதைப் போன்ற நிலைகளிலும் வரும் நடுக்கம் அப்படித்தான். கைக்கு வேலை இருந்தால் அடங்கும், ஓய்ந்தால் தலைகாட்டும்.

மகன் ஒரு நோட்டீஸை நீட்டினார். கீழே சமவெளியில் ஒரு மையத்தில் பார்கின்சனுக்கு ஓசோன் வாயு கலந்த டிரிப்ஸ், பத்து தடவை ஏற்ற வேண்டும், 'பரிசோதனை நிலையில் உள்ள நவீன சிகிச்சை'. முன்பணம் கட்டிவிட்டார்கள். மிச்சப் பணத்துக்கு நகையை வைக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

வேண்டாம் என்றேன். ஓசோன் நச்சு வாயு. மருத்துவத்தில் அதற்குப் பயனுள்ள பயன்பாடு எதுவும் அறியப்படவில்லை என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் விதியிலேயே இருக்கிறது. வாயுக் குமிழி ரத்தக் குழாயில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இதே நோய்க்கு ஹைட்ரஜன் என்ற வேறொரு வாயுவை முறையாகச் சோதித்த கதையையும் அவர்களிடம் சொன்னேன். ஜப்பானில் ஹைட்ரஜன் கலந்த தண்ணீரைத் தினம் ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தார்கள். 2013-இல் வெளிவந்த சிறிய ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதையே 178 பேரிடம், யாருக்கு எந்தத் தண்ணீர் என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் 72 வாரம் சோதித்தபோது, வெறும் தண்ணீர் குடித்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

"ஏத்திக்கிட்டவங்க நல்லாருக்குன்னு சொல்றாங்களே?" என்றார் மகன். அவர்கள் பொய் சொல்லவில்லை. மருந்து என்று நம்பி வெறும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட பார்கின்சன் நோயாளிகளின் மூளையில், இந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற ரசாயனம் சுரந்ததை 2001-இல் கனடாவில் ஸ்கேனிலேயே பார்த்தார்கள். நம்பிக்கை கொஞ்ச நேரம் கையை அடக்கும். அதனால்தான் இந்த நோய்க்கு, போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத எந்தச் சிகிச்சையையும் நான் ஏற்பதில்லை.

உண்மையான பரிசோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும். 2009 முதல் அது கட்டாயம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், தமிழில் ஒப்புதல் படிவம் தருவார்கள். பரிசோதனைச் செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதல். 'பரிசோதனை' என்று சொல்லிப் பணமும் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். "நடுக்கம் ஒரு கையில ஆரம்பிச்சதா, ரெண்டுலயுமா?" ரெண்டிலும் சேர்ந்தே என்றார். பார்கின்சன் நோய் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். மருந்துகளைப் போட்டுக் கொண்டுவந்திருந்த மஞ்சள் பையைக் கொட்டச் சொன்னேன். ஒன்றரை வருடமாக வெறும் வயிற்றில் போட்டுவந்த 'கேஸ்' மாத்திரை அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் லெவோசல்பிரைடு. மூளையில் டோபமினை வேலை செய்யவிடாமல் தடுத்து, இதே நடுக்கத்தையும் விறைப்பையும் கொண்டுவரக்கூடிய மருந்து அது. தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சின்னாரிசின், ஃபுளுனாரிசினும் அப்படித்தான். டாக்டர் ஒருமுறை எழுதிய சீட்டை வைத்து வருடக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இது எனக்குத் தீராத ஆதங்கம்.

அந்த மாத்திரையை நிறுத்தியிருக்கிறோம். குறைய மாதங்கள் ஆகலாம். குறையாவிட்டால் மூளையில் டோபமினாக மாறும், 1960-களிலிருந்து கைகொடுத்துவரும் லெவோடோபா மருந்து இருக்கிறது. மூன்று மாதம் கழித்து வரும்போதும் அந்த மஞ்சள் பையோடு வரச் சொல்லியிருக்கிறேன்.