மீசையை அளந்து பூனைக்கதவு போடாதீர்கள்

பின்னங்கால் குளிர்ந்துபோன பூனையைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்கள் சொல்வது எப்போதும் ஒன்றுதான். குசினிக் கதவின் கீழ்ப்பலகையில் ஓடாவியாரைக் கொண்டு ஒரு ஓட்டை வெட்டினோம், இத்தனை நாளும் நன்றாகத்தான் போய்வந்தது, இன்று விடியப் பார்த்தால் நடுவில் இறுகிக் கிடக்கிறது. ஓட்டையின் அளவு என்ன என்று கேட்டால், விரலை விரித்துக் காட்டுவார்கள். நாலரை அங்குலம், மிஞ்சினால் ஐந்து. ஏன் இவ்வளவு சின்னதாக வெட்டினீர்கள் என்றால், வரும் பதிலும் ஒன்றுதான்: ‘மீசை நுழைந்தால் உடம்பு நுழையும்தானே?’

நுழையாது. இந்த ஒரு நம்பிக்கையால் எத்தனை பூனைகள் இடுப்பு நசுங்கி வருகின்றன என்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டதால், இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். மீசை முகத்தின் அகலத்தைத்தான் காட்டும். வயிறு எவ்வளவு பெருத்திருக்கிறது என்பது மீசைக்குத் தெரியாது. உடம்பு கொழுக்கக் கொழுக்க மீசை நீண்டுகொண்டு போவதும் இல்லை. பூனையின் தோள் ஒடுங்கும் என்பது உண்மை. அதன் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு பூட்டில்லாமல் தசைக்குள் கிடப்பதால், தலை போன இடத்தில் தோளையும் ஒருவாறு நெளித்துக் கொண்டுபோய்விடும். ஆனால் இடுப்பெலும்பு முதுகெலும்போடு பூட்டிய வளையம். அது ஒரு நூல்கூட ஒடுங்காது. இடுப்புக்கு முன்னால் இருக்கும் வயிறோ வேளைக்கு ஒரு அளவு. வெறும் வயிற்றோடு காலையில் வெளியே போன பூனை, பக்கத்து வீட்டு மீன்தலையும் தின்றுவிட்டுத் திரும்பும்போது அதே பூனை அல்ல. சினைப்பட்ட பெட்டைக்குச் சொல்லவே தேவையில்லை. ஆறு மாதக் குட்டிக்கு அளந்து வெட்டினால், அது ஒரு வயது தாண்டியும் வளரும், ஓட்டை வளராது. இன்னொன்று, பூனை ஆற அமர நின்று மீசையால் அளந்து நுழைவது நிம்மதியான நேரத்தில் மட்டும். தெருநாய் துரத்திக்கொண்டு வரும்போது அது எதையும் அளக்காது, பாயும். பாய்ந்து தோள்வரை போனபின் பின்வாங்கவும் வழியில்லை. முழங்கை மடிந்து விளிம்பில் கொழுவிக்கொள்ளும்.

ஆகவே அளக்க வேண்டியது வயிற்றையும் இடுப்பையும். சாப்பிட்டு முடித்த பூனையைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, மறுபக்கம் ஒரு தடித்த புத்தகத்தை மெதுவாக அணைத்து, சுவருக்கும் புத்தகத்துக்கும் இடையிலான தூரத்தை அளவுநாடாவால் எடுங்கள். அதோடு 3 சென்டிமீற்றர் கூட்டினால் ஓட்டையின் அகலம். நெஞ்சின் அடியிலிருந்து முதுகுவரை எடுத்து, அதற்கும் 3 கூட்டினால் உயரம். மூன்று நான்கு கிலோ எடையுள்ள நம் ஊர்ப் பூனைக்கு அகலம் 16, உயரம் 17 சென்டிமீற்றர் அளவில் இருந்தால் வசதியாகப் போய்வரும். பேர்சியன் கலப்பென்றால் 20க்குக் குறையாமல் பாருங்கள். கடையில் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பி எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் வெளிச்சட்டத்தின் அளவாக இருக்கும். பூனை நுழைவது உள்வாயில். அதைக் கேட்டு, அளந்து வாங்குங்கள். வீட்டில் இரண்டு மூன்று பூனை என்றால், மிகப் பெரியதற்குத்தான் அளவு.

அடுத்தது உயரம். ஓட்டையின் கீழ்விளிம்பு பூனையின் வயிற்று மட்டத்துக்கு வரவேண்டும், நிலத்திலிருந்து 12 முதல் 15 சென்டிமீற்றர். உள்ளே இதைச் சரியாகச் செய்துவிட்டு வெளியே மறந்துவிடுகிறார்கள். மாரி வெள்ளத்துக்குப் பயந்து நாங்கள் வீட்டுத் தளத்தை வளவிலிருந்து ஓரடி, ஒன்றரையடி உயர்த்தித்தான் கட்டுகிறோம். குசினி வாசலில் படியில்லாத வீட்டில், வெளியிலிருந்து வரும் பூனைக்கு அந்தக் கதவு இரண்டடி உயரத்தில் இருக்கிறது. தாவி, நெஞ்சு விளிம்பில் அடிபட்டு, பின்னங்கால் பிடியில்லாமல் உதறும். வயதுபோன பூனைக்கு இது தினமும் நடந்தால் மூட்டுகள் தாங்குமா? சீமெந்துக் கல் இரண்டை அடுக்கிப் பூசி, பூனை நான்கு காலையும் வைத்து நிற்கக்கூடிய அகலத்தில், குறைந்தது 30 சென்டிமீற்றர் ஆழத்துக்கு ஒரு படி கட்டிக்கொடுங்கள்.

ஓட்டையை மூடித் தொங்கி ஆடும் தகட்டை மடிப்பு என்போம்; வீட்டிலேயே செய்யும் மடிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை கடுமையாகவே சொல்ல வேண்டும். வெட்டிய தகரத்தைத் தொங்கவிடாதீர்கள். அதன் விளிம்பில் வாலின் தோல் உரிந்து வந்த பூனைக்குத் தோலைத் திரும்ப ஒட்ட முடியாது, வாலைத்தான் எடுக்க வேண்டிவரும். அலுமாரிப் பிணைச்சலைப் பூட்டி ஒரு பக்கம் மட்டும் திறக்கும் பலகை அதைவிட மோசம். பூனை தலையை வெளியே நீட்டிவிட்டுப் பின்வாங்கினால் பலகை கழுத்தில் பூட்டிக்கொள்ளும். பூனை இழுக்க இழுக்க இறுகும். மடிப்பு இரண்டு பக்கமும் தடையில்லாமல் ஆட வேண்டும், இலேசானதாக இருக்க வேண்டும், ஒளி தெரிய வேண்டும். மறுபக்கம் தெரியாத கதவை நம்பித் தலை நீட்ட பூனை தயங்கும்.

கடையில் கிடைப்பவற்றில், உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும் திறப்பு, இரண்டும் பூட்டு என்று நான்கு நிலைப் பூட்டு உள்ளதே நம் ஊருக்குக் குறைந்தபட்சத் தேவை. பூட்டில்லாத வெறும் மடிப்பு ஊர்க் கடுவன்களுக்கெல்லாம் திறந்த வாசல். சாப்பாடு போவதோடு நிற்காது. சண்டையில் கடிபட்டுச் சீழ்க்கட்டி வைக்கும், பூனைகளின் எதிர்ப்புச்சக்தியைத் தின்னும் வைரஸ் நோயும் கடியால்தான் பரவுகிறது. கழுத்துப்பட்டியில் காந்தம் கொழுவித் திறக்கும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. காந்தத்தில் ஆணியும் கம்பித்துண்டும் ஒட்டும்; திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியிலிருந்து புல்மோட்டைப் பக்கம் போகப் போகக் கரையோரத்துக் கறுப்பு மணலும் ஒட்டும். அதைவிடக் கழுத்துப்பட்டியே ஆபத்து. முன்னங்காலை அதற்குள் விட்டுக்கொண்டு, அக்குள் அறுந்து புண்ணாகி வரும் பூனைகளைப் பார்த்தவர்கள் பட்டி கட்ட மாட்டார்கள். கட்டியே ஆகவேண்டும் என்றால் இழுத்தால் தானாகக் கழலும் பூட்டுள்ள பட்டியைக் கட்டுங்கள்.

செலவழிக்க முடிந்தவர்கள் மைக்ரோசிப் வாசிக்கும் கதவை எடுக்கலாம். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலின் கீழ் ஏற்றும் 15 இலக்க எண்ணுள்ள சிப்பை அது வாசித்து உங்கள் பூனைக்கு மட்டும் திறக்கும். பற்றரியில் வேலை செய்வதால் கரண்ட் போனாலும் பரவாயில்லை. ஆனால் இரும்புக் கதவில் நேரே பூட்டினால் சிப்பை ஒழுங்காக வாசிக்காது. ஓட்டையைப் பெரிதாக வெட்டி, சுற்றிவர மரமோ பிளாஸ்டிக்கோ இடைவைத்துத்தான் பூட்ட வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது காற்றைப் பாருங்கள். கடலைப் பார்த்த கதவில் போட்டால் வாடையோடு வரும் மழை முழுக்க உள்ளே. மேற்குப் பக்கம் போட்டால் கச்சான் காற்றுக் காலத்தில் மடிப்பு இரவெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும், அந்தச் சத்தத்துக்கே பூனை கிட்டப் போகாது. விறாந்தைக்குள் திறக்கும் கதவு எதற்கும் நல்லது. கதவின் அடித் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் ஒருபோதும் வெட்டாதீர்கள். ஒருவர் வெளியில் படுத்துக் கையை உள்ளே விட்டால் தாழ்ப்பாளோ திறப்போ எட்டக்கூடாது. பூட்டைக் கதவின் மேல்பாதிக்கு மாற்றிவிடுங்கள். திருகோணமலையில் உவர்மலை, கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்குக் குரங்குத் தொல்லையும் உண்டு. வீட்டில் ஆளில்லாத நேரம் நான்கு நிலைப் பூட்டை ‘இரண்டும் பூட்டு’ நிலையில் போட்டுவிட்டுப் போங்கள்.

வெட்டும் வேலை ஓடாவியாருக்குத் தெரியும், ஆனால் பூனைக்கதவு அவருக்கும் புதிது. ஆகவே பக்கத்தில் நில்லுங்கள். கதவைப் பிணைச்சலிலிருந்து கழற்றிப் படுக்கப் போட்டு வெட்டச் சொல்லுங்கள். கதவின் கீழ்ச்சட்டம் பக்கச்சட்டத்தோடு பொருந்தும் மூட்டில் வாள் படக்கூடாது. அது போனால் கதவே தொய்ந்துவிடும். பெட்டிக்குள் வரும் கடதாசி அச்சை ஒட்டி, கோட்டின்மேல் ஒட்டுநாடா போட்டு, நான்கு மூலையிலும் 10 மில்லிமீற்றர் துளையிட்டு, துளையிலிருந்து துளைக்கு ஜிக்சோவால் அறுக்க வேண்டும். பிளைவூட் தோல் போர்த்திய உள்ளீடற்ற கதவென்றால், வெட்டியதும் உள்ளே வெறுமையாக இருக்கும். நான்கு பக்கமும் மரக்கட்டை செருகிப் பசை வைத்து அடைக்காமல் சட்டத்தைப் பூட்டினால் ஆணியை முறுக்க முறுக்கக் கதவு உள்ளே அமுங்கும்.

வெட்டிய விளிம்புக்கு உப்புத்தாள் போட்டு, இரண்டு கை பூச்சு அடித்துக் காயவிட்ட பிறகுதான் பூட்ட வேண்டும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பூச்சடிக்காத மரத்தில் பூட்டிய கதவுகள்தான் ஐப்பசி மழையில் ஊதி, மடிப்பை இறுக்கி, பூனையை மழையில் நிறுத்துகின்றன. சட்டத்தின் ஆணிகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பலம் இருக்கிறதென்று ஒன்றை முழுக்க முறுக்கினால் சட்டம் கோணும். பூட்டியபின் மடிப்பை விரலால் தள்ளிவிட்டுப் பாருங்கள். தானாக ஆடி நடுவில் வந்து நிற்க வேண்டும், பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி தெரிய வேண்டும். வெளிப்பக்கம் மேல்விளிம்பிலும் இரு பக்க விளிம்பிலும் சிலிக்கன் பூசுங்கள். அடியைப் பூசாமல் விடுங்கள், உள்ளே போன தண்ணீர் அதனால்தான் வடியும். ஆணிகள் கறள் பிடிக்காத எஃகாக, முடிந்தால் 316 வகையாக இருக்கட்டும். உப்புக்காற்றில் சாதாரண நாகப்பூச்சு ஆணி நெடுநாள் நிற்காது.

கதவை வெட்ட மனமில்லாதவர்களுக்கு, லூவர் யன்னலில் அடிக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்துக்கு ஒரு தடித்த பலகை பொருத்தி அதில் கதவை வைக்கலாம். வாடகை வீட்டுக்கு இதுதான் சரி. ஆனால் லூவரைச் சும்மா திறந்துவிட்டு ‘அதற்குள்ளால் போகும்’ என்று விடாதீர்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே தொங்கும் பூனையின் எடை முழுவதும் வயிற்றில் இறங்கும். கண்ணாடிக் கதவென்றால், கடினமாக்கிய (டெம்பர்ட்) கண்ணாடியை எந்தக் கடையிலும் பிறகு வெட்ட முடியாது, சில்லாக உடையும்; ஓட்டையோடு புதிதாகத்தான் செய்விக்க வேண்டும். சுவரில் போட்டால், பூனை போய்வரச் சுவருக்குள் வைக்கும் குழாயை வெளிப்பக்கம் சற்றுச் சரித்துவைக்க மேசனிடம் சொல்லுங்கள். சுவருக்குள் வயர் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

பழக்குவதற்குப் பிடித்து உள்ளே தள்ளாதீர்கள், தயவுசெய்து. முதல் ஒரு வாரம் மடிப்பை முழுக்க உயர்த்தி ஒட்டுநாடாவால் இறுக ஒட்டிவிடுங்கள். குச்சி முட்டுக்கொடுக்க வேண்டாம், பூனை நடுவில் நிற்கும்போது அது நழுவும். மறுபக்கம் நெத்தலிக் கருவாட்டை வையுங்கள். இரண்டாம் வாரம் பாதி இறக்குங்கள். பிறகு முழுதாக விடுங்கள்.

பூனைக்கதவு போடுமுன் கருத்தடை செய்துவிடுங்கள். நான்கைந்து மாதத்திலேயே பெட்டைக்குக் குட்டி தரிக்கும். விசர்நோய்த் தடுப்பூசி வருடத்துக்கு ஒருமுறை. வெளியே போய்வரும் பூனைக்கு இதில் பேச்சுக்கே இடமில்லை. இரவுச் சாப்பாட்டைப் பொழுதுபடும் நேரத்தில் வீட்டுக்குள் வைத்து, பூனை வந்ததும் ‘உள்ளே மட்டும்’ நிலைக்கு மாற்றுங்கள். எண்ணெய் விரியன் நடமாடுவதும் வாகனங்களின் வெளிச்சத்தில் பூனை திகைப்பதும் இரவில்தான். மடிப்பின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் சிறு பாம்புக்கு அது போதும். தூரிகைப் பட்டி பாம்பைத் தடுக்காது, இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு பூனை இறுகிக்கொண்டால், வாலையோ காலையோ பிடித்து இழுக்காதீர்கள். தலையில் ஒரு துவாயைப் போர்த்துங்கள், உடம்பின் பாரத்தைக் கையிலோ தலையணையிலோ தாங்குங்கள், மற்றவர் சட்டத்தின் ஆணியைக் கழற்றட்டும். வெறும் ஓட்டையென்றால் மரத்தை அறுப்பதற்கு யோசிக்காதீர்கள், கதவை விடப் பூனை பெரிது. விடுபட்டபின் பின்னங்கால் குளிர்ந்திருந்தாலோ, இழுத்து நடந்தாலோ, வாயால் மூச்சு வாங்கினாலோ உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எழும்பி நடந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள், சிறுநீர்ப்பை உள்ளே கிழிந்திருக்கலாம். நோவுக்கென்று பனடோல் கொடுக்காதீர்கள். அரைக் குளிசை ஒரு பூனையைக் கொல்லும். எடுக்கும்போது உங்களைக் கடித்திருந்தால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பூனைக்கு ஊசி போட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.