தாய்ப்பால் பம்பை வைத்துப் பாலை அளக்காதீர்கள்

குழந்தை பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. மாமியார் ஒரு பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். அடியில் 20 மில்லி பால். “அரை மணி நேரம் பம்ப் வைத்தும் இவ்வளவுதான் டாக்டர். இவளுக்குப் பாலே ஊறவில்லை.” பெற்றவள் தலை நிமிரவில்லை. முந்தைய இரவே டப்பாப் பால் தொடங்கியாயிற்று. குழந்தையை எடை போட்டால், பிறந்த எடையைவிட 100 கிராம் கூடியிருக்கிறது! ஒரே இரவில் டப்பாப் பால் செய்த வேலையா அது? இதே பாட்டிலும் இதே புலம்பலும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

பம்ப் பாலை எடுக்கும் கருவி. எவ்வளவு சுரக்கிறது என்று அது சொல்லாது. நன்றாகச் சப்பும் குழந்தை தாடையாலும் நாக்காலும் எடுக்கும் பாலை மோட்டார் எடுத்துவிடாது. குழந்தையின் சூட்டுக்கும் வாசனைக்கும் அழுகைக்கும் இறங்குகிற பால், மூன்று பேர் சுற்றி நின்று “வருகிறதா, வருகிறதா” என்று எட்டிப் பார்த்தால் இறங்காது. அதுவும் பலர் பம்ப் வைப்பது எப்போது? குழந்தை குடித்து முடித்த பிறகு! பந்தி முடிந்ததும் அண்டாவின் அடியைப் பார்த்து, ஆக்கியதே இவ்வளவுதான் என்பதுபோல் இருக்கிறது இது. ஒரு மாதத்துக்குமேல், தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லி குடிக்கும். அதை 8 முதல் 12 வேளைக்குப் பிரித்துப் பாருங்கள். ஒரு வேளைக்கு நூறு மில்லிகூட வராது. அப்படியிருக்க, குடித்த மிச்சமாக வரும் 20 மில்லி எப்படிக் குறைவாகும்?

ஆறு வாரம் கழித்து அடுத்த பீதி கிளம்பும்: “மார்பு கனப்பதே இல்லை, பால் வற்றிவிட்டது.” வற்றவில்லை. தேவைக்கேற்பச் சுரக்க உடம்பு பழகிவிட்டது.

பார்க்க வேண்டியது குழந்தையை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா? முதல் சில நாட்களில் குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா? பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறுகிறதா? போதும், பால் இருக்கிறது. இல்லையென்றாலோ, குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ, அன்றே மருத்துவரிடம் வாருங்கள். உண்மையிலேயே சுரப்புக் குறைந்த தாய்மார்களும் உண்டு. தைராய்டு கோளாறு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுக்கொடித் துண்டு என்று காரணம் தேட வேண்டியிருக்கும். அதைப் பாட்டிலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது.

சுரப்பு நிலைக்க மார்பு அடிக்கடி காலியாக வேண்டும், இரவிலும்தான். ஒரு வேளைப் பாலுக்குப் பதிலாக டப்பாப் பால் கொடுத்து, அந்த வேளைக்குப் பாலை எடுக்காமலும் விட்டால் சுரப்பு குறையும். பூண்டு, பால் சுறா, லேகியம் எல்லாம் பிடித்தால் சாப்பிடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் “வயிறு போட்டுவிடும்” என்று மே மாத வெயிலில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் தர மறுக்கிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. தாகத்துக்குக் குடிக்க விடுங்கள். மருந்துக் கடையில் நீங்களாகவே பால் ஊறும் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

இனி பம்ப். குழந்தை நன்றாகப் பிடித்துக் குடிக்கிறது, நீங்களும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் அது தேவையே இல்லை. எப்போதாவது வெளியே போகக் கையால் பீய்ச்சக் கற்றுக்கொண்டால் போதும். குறைமாதக் குழந்தை இன்குபேட்டரில் இருந்தால் கதை வேறு: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும், மருத்துவமனைத் தரத்திலான மின்சார பம்ப், நாளுக்கு எட்டு முறையாவது. அதற்கும் முதல் இரண்டு நாள் சீம்பாலுக்குக் கைதான் சிறந்தது. துளித்துளியாக வருவது பம்பின் சுவரிலேயே ஒட்டிப் போய்விடும். வேலைக்குத் திரும்புவோருக்கும் இரட்டை மின்சார பம்ப்தான் நேரம் மிச்சப்படுத்தும். உள்ளாடைக்குள் வைக்கும் புதுவகை வசதியானது, ஆனால் அதை மட்டுமே நம்பாதீர்கள்.

பல ஆயிரம் கொடுத்து வாங்குவோர், மார்பில் பொருத்தும் புனலின் அளவைப் பார்ப்பதே இல்லை. பெட்டியில் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் புனல் இருக்கும். பலருக்கு அது பெரிது. காம்பின் விட்டத்தை ஸ்கேலால் அளந்து, அதைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக எடுங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டம் முழுதும் உள்ளே இழுபட்டாலோ, எடுத்தபின் காம்பு வெளுத்திருந்தாலோ அளவு தவறு. உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். வலித்தால் பால் இறங்காது.

அக்கா பயன்படுத்திய பம்பையும் வாங்காதீர்கள். சில வகைகளில் பால் மோட்டார் வரை போய்விடும், அங்கே எந்தச் சோப்பும் எட்டாது. பாகங்களைச் சிங்க்கில் போட்டுக் கழுவாமல், தனிப் பாத்திரத்தில் சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் தினம் ஒரு முறை 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். 2016-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தையைத் தாக்கிய கிருமி, அந்த வீட்டு பம்பிலும் சமையலறைச் சிங்க்கின் வடிகாலிலும் இருந்தது.

எடுத்த பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அந்தக் கணக்குச் செல்லாது. உடனே ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் அல்ல, உள்ளே வையுங்கள். அங்கே 4 நாள் இருக்கும்.

வேலைக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சட்டப்படி குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை உண்டு. விடுப்பு முடியும் முன்பே அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு பிளக் பாயின்ட், ஒரு நாற்காலி. கழிப்பறையைக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.