பருத்தியும் எரியும், ஆனால் டெரிகாட்டன் வேறு கதை

"பருத்தியும் எரியத்தானே செய்கிறது, அப்புறம் ஏன் சமைக்கும்போது பருத்தியே உடுத்தச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பருத்தி சீக்கிரமே பற்றிக்கொள்ளும். எரிவதற்குச் சுற்றிலும் 18 சதவீத ஆக்சிஜன் இருந்தாலே அதற்குப் போதும். காற்றில் 21 இருக்கிறது. கம்பளிக்கு 25 வேண்டும், ஆனால் நம் வெயிலில் கம்பளி ஆகாது.

பருத்தி எரியும், உருகாது. பாலியஸ்டர் 260 டிகிரி செல்சியஸ் அளவில் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். இதுவரை பலருக்கும் தெரிந்ததுதான்.

என்னை வியக்க வைப்பது இரண்டும் கலந்த துணியான டெரிகாட்டன். தனிப் பாலியஸ்டரின் நுனியில் தீ பட்டால் அது சுருண்டு விலகும், உருகிச் சொட்டும். சொட்டோடு தீயும் போய்ச் சில நேரம் அணைந்துவிடும். டெரிகாட்டனில் இந்த வழி அடைபடுகிறது. முதலில் பருத்தி இழை பற்றிக் கரியாகிறது. அந்தக் கரி உடனே உதிராமல் நெசவின் வடிவத்திலேயே நிற்கிறது. பக்கத்தில் உருகும் பாலியஸ்டர் சொட்ட முடியாமல் கரிக்குள் ஊறுகிறது, அகல் விளக்கின் எண்ணெய் திரியில் ஏறுவதைப் போல. ஊறியது அங்கேயே ஆவியாகி எரிய, அந்தச் சூட்டில் மேலும் பாலியஸ்டர் உருகி வந்து சேர்கிறது. இரண்டு இழைகளையும் தனித்தனியாகக் கொளுத்திப் பார்ப்பவர், கலவை இவ்வளவு மூர்க்கமாக எரியும் என்று ஊகிக்கவே முடியாது.

"காட்டன் மாதிரியே இருக்கும்க்கா" என்று கடையில் தரும் நைட்டி எந்த ரகம்? உள்மடிப்பிலிருந்து இரண்டு இழை உருவுங்கள். தையல் நூல் வேண்டாம், அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி, காகிதம் எரிந்த வாடையோடு பொடிச் சாம்பலாகும். ஆறிய பிறகும் விரலில் நசுங்காத கறுப்பு மணி மிஞ்சினால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது.

அடுத்தது உடையின் வடிவம். தொங்கும் துணியில் தீ மேலேறும்போது, அதன் சூடான வாயுக்கள் மேற்பகுதியை முன்கூட்டியே காய்ச்சிவிடுகின்றன. இரண்டு பக்கமும் காற்றுப் படும் முந்தானையும் துப்பட்டாவும் அதனால்தான் நொடியில் பற்றுகின்றன. முந்தானையை இடுப்பில் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், கை தொளதொளவென்று இருக்க வேண்டாம். மேலே கெட்டியான பருத்தி ஏப்ரன், தினமும் துவைத்தது. பச்சைக் கறி தொட்ட கையை முந்தானையில் துடைக்காதீர்கள், கிருமி அதிலேயே தங்கும். கரித்துணி ஈரமாக இருந்தால் பாத்திரம் இறக்க வேண்டாம். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

பிரிட்டனில் இரவு உடைகள் எப்படி எரியலாம் என்பதற்கு 1985-லேயே தனி விதிமுறை வந்துவிட்டது. இங்கே நைட்டி அடுப்படி உடையும்கூட. ஈரோடும் திருப்பூரும் இருக்கும் மாநிலத்தில், மலிவான, மெதுவாக எரியும் நைட்டித் துணிக்கு ஆராய்ச்சிப் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

உடையில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். அடுப்பை விட்டு விலகி, தரையில் படுத்து உருளுங்கள். நின்றால் தீ முகத்துக்கு ஏறும். பிறகு புண்ணில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேனா மை, பற்பசை, மாவு எதையும் பூச வேண்டாம், அந்த நம்பிக்கைகளால் புண்ணில் கிருமிதான் சேரும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.