ரீசெட் செய்தால் தீர்ந்துவிடுமா?

இந்த வாரமும் டெக் லாக்கில், அதாவது விமானிகள் விமானத்தின் கோளாறுகளை எங்களைப் போன்ற இன்ஜினியர்களுக்காக எழுதிவைக்கும் ஏட்டில், அதே வரி: "கம்ப்யூட்டர் ஃபால்ட். ரீசெட் செய்யப்பட்டது. டெஸ்ட் ஓகே." எந்த உயரத்தில் வந்தது, திரையில் எந்தச் செய்தி முதலில் வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எதைத் தேடுவது?

செய்திகளிலும் "மென்பொருள் பழுதானது" என்றே எழுதுகிறார்கள். படித்தாலே எரிச்சல் வருகிறது. சாஃப்ட்வேர் என்ன பிரேக் பேடா, தேய்ந்து போவதற்கு? கதிர்வீச்சில் நினைவகத்தின் ஒரு பிட் புரள்வது (0 இருந்த இடத்தில் 1 ஆவது) வேறு கதை. மற்றபடி அது நேற்று எழுதியிருந்தபடியேதான் இன்றும் நடந்துகொள்கிறது. எழுதியவர்கள் யோசித்தே பார்க்காத ஒரு நிலைமை இன்றைக்கு வந்திருக்கும், அவ்வளவுதான். அதை ரீசெட் எப்படித் திருத்தும்?

2008 அக்டோபர் 7. சிங்கப்பூரிலிருந்து பெர்த் போன குவாண்டாஸ் 72, ஏர்பஸ் ஏ330. வேகம், உயரம் போன்ற விவரங்களைக் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பும் பெட்டிக்கு ஏடிஐஆர்யூ என்று பெயர். 37,000 அடியில் அதன் மூன்று ஏடிஐஆர்யூக்களில் ஒன்று உயரத்தின் எண்ணை எடுத்து, இதுதான் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் என்று அனுப்பத் தொடங்கியது. 37,012 அடி 50 பாகைக்கு மேலான கோணமாகிவிட்டது! ஃப்ளைட் கண்ட்ரோல் கம்ப்யூட்டரில் இதற்குத் தடுப்பு இருந்தது: திடீரென எகிறும் எண் வந்தால் 1.2 விநாடிக்குப் பழைய எண்ணையே பிடித்துக்கொள்ளும். அந்த 1.2 விநாடி முடிகிற நேரத்தில் இன்னொரு தவறான எண் வந்தால்? அதை யாரும் யோசிக்கவில்லை. விமானம் ஸ்டால் ஆகப்போகிறது, அதாவது கோணம் மிகுந்து இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்று நம்பிய கம்ப்யூட்டர் மூக்கைக் கீழே அழுத்தியது. குறைந்தது 110 பயணிகளுக்கும் ஊழியர்கள் 9 பேருக்கும் காயம்.

அப்புறம் அந்த ஏடிஐஆர்யூ பெட்டியைச் சோதித்தார்கள். பழுது எதுவும் தெரியவில்லை. ஆஸ்திரேலியப் புலனாய்வுக் குழுவின் இறுதி அறிக்கை வர 2011 டிசம்பர் ஆனது. பெட்டி ஏன் அப்படி உளறியது என்பதற்கு அதிலும் விடை கிடைக்கவில்லை. அதே பெட்டி 2006 செப்டம்பரிலும் இப்படி உளறியிருக்கிறது. அன்று மூக்கு கவிழவில்லை, பெட்டியும் விமானத்திலேயே தொடர்ந்தது.

ஆகவே கேப்டன்களே, கெஞ்சிக் கேட்கிறேன்: உங்கள் முடிவை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். நேரம், உயரம், வேகம், எச்சரிக்கைகள் வந்த வரிசை. தானாகச் சரியானாலும் எழுதுங்கள்.

என் சக இன்ஜினியர்களே, பதிவுகளை இறக்காமல் பவரைத் தொடாதீர்கள். அதே புகார் போன மாதமும் வந்ததா என்று பழைய பக்கங்களைப் புரட்டுங்கள். சோம்பல் வேண்டாம்.

பயணிகளுக்கும் ஒன்று. அன்று உட்கார்ந்திருந்தவர்களிலேயே 60 பேருக்கு மேல் பெல்ட் போடவில்லை. விளக்கு அணைந்தாலும் கழற்றாதீர்கள்.

பெட்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும் டேக்கில் தயவுசெய்து "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். டெக் லாக் பக்கத்தின் நகலையும் சேர்த்துக் கட்டுங்கள்.