கல்லீரல் இல்லாத நேரத்தில் மயக்க மருந்து எங்கே போகிறது?

"மருந்துகளைச் சிதைப்பது கல்லீரல்தானே; அதையே அகற்றிவிட்டால், செலுத்திய மயக்க மருந்து உடலிலேயே தங்கிவிடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையில், பழைய உறுப்பு வெளியே வந்த பிறகும் புதியதில் ரத்தம் பாய்வதற்கு முன்பும், பெரும்பாலும் ஒரு மணி நேர அளவுக்கு நோயாளி கல்லீரலே இல்லாமல் இருக்கிறார் என்பதால், இது மிகவும் நியாயமான கேள்வி.

சுவாசத்தின் வழியே செலுத்தும் மருந்துகளில் சிக்கல் குறைவு. அவை பெரும்பாலும் நுரையீரல் வழியாகவே வெளியேறிவிடுகின்றன. பழைய ஹாலோத்தேனில் ஏறத்தாழ 20 சதவீதம் கல்லீரலில் சிதைந்தது. அந்தச் சிதைபொருள் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, அரிதாகக் கடும் கல்லீரல் அழற்சியைத் தூண்டியது. ஐசோஃப்ளூரேனில் சிதைவது சுமார் 0.2 சதவீதம், டெஸ்ஃப்ளூரேனில் 0.02 சதவீதம் மட்டுமே. ரத்தநாளத்தில் செலுத்தும் மயக்க மருந்தான புரோபோஃபோலைக் கல்லீரல்தான் முதன்மையாக மாற்றுகிறது என்றாலும், கல்லீரல் இல்லாத நேரத்திலும் அதன் சிதைபொருட்கள் தோன்றுவதை 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டனர். சிறுநீரகமும் இந்த வேலையில் பங்கெடுக்கிறது.

என்னை மிகவும் வியக்கவைப்பது, மயக்க மருந்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சிஸ்அட்ராகியூரியம் என்னும் தசைத் தளர்வு மருந்து. இதைச் சிதைக்கக் கல்லீரலும் வேண்டாம், சிறுநீரகமும் வேண்டாம், நொதிகூட வேண்டாம். நான்கு கார்பன்களோடு பிணைந்த நைட்ரஜனைக் கொண்ட சேர்மங்கள் வலுவான காரத்தில் சூடாக்கும்போது உடைவதை வேதியியலாளர் ஹாஃப்மன் 1851இல் காட்டினார். ரத்தத்தின் மென்மையான காரத்தன்மையும் 37 டிகிரி வெப்பமுமே போதும் என்னும் அளவுக்கு அந்தப் பிணைப்பைத் தளர்த்த முடியுமா என்று ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் ஜான் ஸ்டென்லேக்கின் குழு முயன்றபோது பிறந்ததே இதன் முன்னோடியான அட்ராகியூரியம். குப்பிக்குள் அமிலக் கரைசலில், குளிர்பதனப் பெட்டியில் அப்படியே இருக்கும் மூலக்கூறு, ரத்தத்தை அடைந்ததும் தானாகவே உடையத் தொடங்கி, ஏறத்தாழ 25 நிமிடங்களில் பாதியாகிறது. உடல் குளிர்ந்தாலோ ரத்தத்தில் அமிலம் கூடினாலோ இந்த வேகம் குறையும். மாற்று அறுவை சிகிச்சையில் இரண்டுமே நேரக்கூடியவை. அதனால்தான் மருத்துவர் மணிக்கட்டு நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்து, கட்டைவிரல் எவ்வளவு அசைகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

சரி, எந்த மயக்க மருந்து கொடுத்தால் புதிய கல்லீரல் நன்றாகப் பிழைக்கிறது? ரத்தம் நின்று மீண்டும் பாயும்போது உண்டாகும் சேதத்தை, சுவாசத்தின் வழியே செலுத்தும் செவோஃப்ளூரேன் என்னும் மருந்து குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. கல்லீரலின் ஒரு பகுதியை அகற்றும் சிகிச்சையிலும் 2008இல் அதற்கு ஆதரவான முடிவு கிடைத்தது. ஆனால் மாற்று அறுவை சிகிச்சையில் அதை புரோபோஃபோலோடு ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில், கல்லீரல் சேதத்தைக் காட்டும் நொதி அளவில் தெளிவான வேறுபாடு இல்லை. தானமாகப் பெற்ற உறுப்பு எவ்வளவு நேரம் குளிரில் காத்திருந்தது, எவ்வளவு ரத்தம் இழக்கப்பட்டது என்பவற்றின் தாக்கத்துக்கு நடுவே, மருந்தின் சிறிய பங்கைப் பிரித்தறிய மிகப் பெரிய ஆய்வுகள் தேவை. காப்புரிமை முடிந்த இரண்டு மருந்துகளை ஒப்பிடுவதில் நிறுவனங்களுக்கு லாபம் இல்லை. ஆகவே இந்தச் செலவைப் பொது நிதிதான் ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.